எம்எக்ஸ்-5 கிளட்ச் ஸ்லேவ்: வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

சாட்ஸ்வர்த்_ரோட்ஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் ஒரு 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன், 1.8 எஞ்சின். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, இரண்டே சீட்டு. ஓட்டும்போது காரணமே இல்லாமல் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை ஹிகின்சன் ஹைவே பக்கம் ரோபோவில் நின்றேன். (ஊருக்குப் புதியவர்களுக்கு: டர்பனில் ரோபோ என்றால் சிக்னல்.) பச்சை விழுந்தது, முதல் கியர் விழவில்லை. கிளட்ச் பெடல் தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. ஐந்தாறு முறை மிதித்த பிறகு கியர் விழுந்தது. பின்னால் நின்ற டாக்ஸிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சை விடுவிப்பது) ரப்பர் உறை ஈரமாக இருக்கிறது. பக்கத்து மெக்கானிக் கடையில் கேட்டேன். "கியர்பாக்ஸை இறக்கணும், முழு கிளட்ச் செட்டும் போடணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு ஓர் ஆள் சென்னை போய்வரலாம்.

எஞ்சின் ஆயில், பிளக் இரண்டும் நானே மாற்றியிருக்கிறேன். வேறு அனுபவம் இல்லை. இதில் கை வைக்கலாமா?

இரண்டு_சீட்டு_போதும்

தாராளமாக வைக்கலாம். சில கார்களில் இந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கும், அதற்குத்தான் இறக்கணும். இதில் வெளியே தொங்குகிறது. இரண்டு போல்ட், ஒரு பைப், அவ்வளவுதான். என் வண்டியில் நானே மாற்றினேன், நடுவில் டீ குடித்த நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம்.

முதலில் அந்த ரப்பர் உறையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், வேறு சோதனை தேவையில்லை. பைப் நட்டு 10 எம்எம். சாதாரண ஸ்பேனரைப் போடாதே, முனை உருண்டுவிடும். ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று தனியாக விற்கிறார்கள், நட்டைக் கிட்டத்தட்ட முழுதாகக் கவ்விப் பிடிக்கும். மேலே பெடல் பக்கத்திலிருந்து திரவத்தைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடு. கீழே புது சீல் போட்டுப் பெடல் இறுகியதும், மேலே இருக்கிற கிழட்டு சீல் சீக்கிரம் கை விரித்துவிடும். எனக்கு மூன்று வாரத்தில் விரித்தது.

ஸ்பேனர்_தாத்தா

கியர்பாக்ஸை இறக்கச் சொன்னவர் தப்பாகச் சொன்னார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் "இரண்டு போல்ட், ஒரு பைப்" என்று சொன்னவர்களின் வண்டிகளை 41 வருஷம் நான் பார்த்திருக்கிறேன், பாதி கயிறு கட்டி இழுத்துத்தான் வந்தன. ஒரு பையன் கிளட்ச் திரவ டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டான். நாம் "பிரேக் ஆயில்" என்று சொல்லிப் பழகியதுதான் வினை. அது எண்ணெயே இல்லை, டாட் 4 என்பது கிளைக்கால் வகைத் திரவம். நிஜ எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். ஐம்பது ரேண்ட் மிச்சம் பிடிக்கப் போனவனுக்கு மாஸ்டர், ஸ்லேவ், நடுவில் இருக்கிற ஹோஸ் என்று மொத்த வரிசையும் போச்சு.

அந்த டப்பா கிளட்சுக்கு மட்டும் என்பதால் பிரேக் தப்பியது. இன்றைக்கு கிளட்ச் என்பீர்கள், அடுத்த மாதம் பிரேக்கில் கை வைப்பீர்கள். ஆயிலும் பிளக்கும் மாற்றிய அனுபவத்தோடு அங்கே போகக் கூடாது.

டொங்காட்_கரும்பு

நான் பக்கி வைத்திருக்கிறவன், ஸ்போர்ட்ஸ் கார் விவகாரத்தில் பேச எனக்கு உரிமை இல்லை. (ஊரிலிருந்து வந்த புதிதில் "என் பக்கியைப் பார்த்தியா" என்று ஒருவர் கேட்டதும், யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்.) ஆனால் டூல்ஸ் இருக்கிறது. ஃபிளேர் ஸ்பேனர், வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் பிளையர்), தூக்கிய வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு. யாருக்கு வேண்டும்?

மாரிட்ஸ்பர்க்காரி

தாத்தா, பிரேக் என்றதும் ஏன் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? என் வண்டியின் பிரேக்கை நான்தான் பார்க்கிறேன். காரணம் சொல்கிறேன்.

இந்த நாட்டில் சொந்தக் காருக்கு வருஷா வருஷம் சோதனை கிடையாது. கை மாறும்போதுதான் ரோட்வொர்த்தி (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழ்) கேட்கிறார்கள். பத்து வருஷம் ஒரே ஆள் வைத்திருந்தால் பத்து வருஷமும் யாரும் கீழே குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் வேலைக்காக என்-3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு இறங்குகிறவள். 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லாரி ஒன்று நிற்காமல் வந்து மினிபஸ் டாக்ஸிகள் மேல் ஏறியதே, இருபது பேருக்கு மேல் போனார்களே. அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் என் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கும்.

என் வண்டி நான் வாங்கும் முன்பு ஒரு பெரிய கடையில் சர்வீஸ் ஆனது. புத்தகத்தில் முத்திரை இருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பின்பக்கம் இடது பேடு ஒருபுறம் இரும்புவரை தேய்ந்திருக்கிறது, மறுபுறம் பாதி அப்படியே இருக்கிறது. கேலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) நகர்கிற கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டது. முத்திரை புத்தகத்தில் இருந்தது, கிரீஸ் கம்பியில் இல்லை.

ஸ்பேனர்_தாத்தா

அம்மா, ஒரே ஒரு கேள்வி. புது பேடு போடும்போது பின்பக்கப் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளினீர்கள்?

மாரிட்ஸ்பர்க்காரி

தள்ளவில்லை. திருகினேன். கேலிப்பருக்குப் பின்னால் மூடி மாதிரி ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றி, உள்ளே 4 எம்எம் ஆலன் கீ போட்டு எதிர்வலமாகச் சுற்றினால் பிஸ்டன் பின்வாங்கும். பேடு மாட்டியபின் வலமாகச் சுற்றி டிஸ்க்கைத் தொடவிட்டு, மூன்றில் ஒரு சுற்று திரும்ப விட்டேன். ஹேண்ட் பிரேக்கும் அதிலேயே சரியாகிவிட்டது. பரீட்சையில் பாஸா?

ஸ்பேனர்_தாத்தா

பாஸ். முன்பக்கம் மாதிரியே பின்பக்கத்தையும் சி-கிளாம்ப் வைத்து நெரித்து, உள்ளே இருக்கிற திருகை நாசமாக்கிவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். உங்களைப் போலத் தெரிந்து வந்தவர் எனக்கு நினைவில் இல்லை.

ஆனால் கேள்வி கேட்டது நீங்கள் இல்லையே. கேட்டது சாட்ஸ்வர்த் தம்பி. எது தனக்குத் தெரியாது என்பதே இன்னும் தெரியாத நிலை. நான் கற்றபோது தப்பான இடத்தில் ஸ்பேனர் வைத்தால் விரல் மேல் ஓர் அடி விழும். யூடியூப் அடிக்காது.

இரண்டு_சீட்டு_போதும்

அந்த அடி இப்போது கடையிலும் விழுவதில்லை தாத்தா. மணிக்கணக்குக்கு வேலை பார்க்கிற பையனுக்கு 25 வருஷப் பழைய காரின் பின் கேலிப்பரைப் பற்றி யார் சொல்லித் தந்தார்கள்? சொந்தக்காரன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே சக்கரத்தோடு உட்கார்ந்திருப்பான், அந்த வண்டியை நம்பி ஓடுவது அவன் உயிர்தானே. உண்மையைச் சொன்னால், எல்லோரும் கற்றுக்கொண்டால் கடைகளுக்கு வருமானம் போகுமே என்ற கவலை.

ஸ்பேனர்_தாத்தா

நான் கடையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வருமானக் கவலையை என் முழங்கால் மூட்டிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வர்த்_ரோட்ஸ்டர்

சண்டை வேண்டாம், நான் முடிவு செய்துவிட்டேன். கிளட்ச் மட்டும் செய்கிறேன், பிரேக்கைத் தொடவில்லை. ஜாக்கி எங்கே வைப்பது என்று சொல்லுங்கள். வாசலில் நான்கு செங்கல் இருக்கிறது.

ஸ்பேனர்_தாத்தா

செங்கலா! இதைத்தான் சொன்னேன். அழுத்தம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். அதன் கீழே படுக்காதே தம்பி. கரும்புக்காரரிடம் ஸ்டாண்டை வாங்கிக்கொள்.

முன்பக்கம் குறுக்கே ஓடும் சப்ஃபிரேமின் நடுவில் ஜாக்கி வை. பின்பக்கம் தூக்க வேண்டுமென்றால் பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டியின் அடியில். இரண்டுக்கும் நடுவே கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி நீளமாக ஓர் அலுமினியச் சட்டம் ஓடும், அதில் வைத்துவிடாதே, வளைந்துவிடும். ஸ்டாண்டைக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியின் (அதற்குப் பெயர் 'சில்') ஓரத்தில் வெட்டுக்குறி இருக்கிற இடத்தில் நிறுத்தணும். அதற்கு முன்பு, பின் சக்கரத்துக்கு முன்னால் அந்தத் தகடு கெட்டியாக இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்.

மாரிட்ஸ்பர்க்காரி

தாத்தா சொல்கிற அந்த இடம்தான் இந்தக் காரின் உயிர்நிலை. கூரையில் விழும் மழை சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் ஓட்டை வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே போகணும். இலை, தூசி அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் இறங்கித் தங்கிவிடும். டர்பன் உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம். அடைப்பை எடுக்கக் கம்பி விடாதீர்கள், குழாயைக் கிழித்துவிடும். புல்வெட்டி மெஷினில் வரும் நைலான் நரம்பு போதும்.

சாட்ஸ்வர்த்_ரோட்ஸ்டர்

ஞாயிறு இரவு. முடிந்தது.

தட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கெட்டி. வலப்பக்க ஓட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மக்கிய இலை வந்தது. உறையை விலக்கியதும் கறுப்புத் தண்ணீர் கையில் ஊற்றியது. பைப்புக்குள் புகுந்த ஏரை வெளியே எடுக்க மனைவியைப் பெடலில் உட்காரவைத்தேன். "அமுக்கு, பிடி, விடு" என்று முக்கால் மணி நேரம். இனி ஒரு வாரத்துக்கு இந்த மூன்று வார்த்தைகளையும் வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு. பெடல் இப்போது மேலேயே பிடிக்கிறது. ஃபெண்டரில் சிந்தியதை உடனே துடைக்கவில்லை, அந்த இடத்தில் பெயின்ட் வழண்டுவிட்டது. அது என் கணக்கு.

ஆனால் இரண்டு மணி நேரம் இல்லை, ஆறரை. பைப் நட்டின் முனைகள் ஏற்கெனவே உருண்டுபோயிருந்தன. ஃபிளேர் ஸ்பேனரும் வழுக்கியது. கடைசியில் வைஸ் கிரிப் போட்டு நெரித்துத்தான் கழற்றினேன். எனக்கு முன்னால் யாரோ சாதாரண ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள்.

ஸ்பேனர்_தாத்தா

பார்த்தீர்களா, வீட்டு வாசலில் செய்தவன் வேலை. அந்தப் பைப்பையும் மாற்றிவிடு தம்பி, உருண்ட நட்டு இன்னொரு முறை தாங்காது.

இரண்டு_சீட்டு_போதும்

வீட்டு வாசலில் செய்கிறவன் இருநூறு ரேண்ட் கொடுத்து ஃபிளேர் ஸ்பேனர் வாங்குவான். இது அவசரத்தில் கடையில் செய்த வேலை.

டொங்காட்_கரும்பு

யார் செய்திருந்தால் என்ன. தம்பி, என் வைஸ் கிரிப் எப்போது வரும்?