அண்ணனுக்குக் கை நடுங்குது, டாக்ரோலிமஸ் லெவல் 14.2: மாத்திரையைக் குறைக்கலாமா?

நாகலூர்_தங்கை

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டுல நாகலூர் பக்கத்துல இருந்து எழுதறேன். எங்க அண்ணனுக்கு 34 வயசு. ஜூன் மாசம் கோயம்புத்தூர்ல சிறுநீரக மாற்று ஆபரேஷன் ஆச்சு. கிட்னி கொடுத்தது எங்க அம்மா. ரெண்டு பேரும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தாங்க.

அண்ணன் காப்பி எஸ்டேட்ல ரைட்டர். இப்போ பழம் பறிப்பு ஆரம்பிச்சிருச்சு. வெளியில போகக்கூடாதுன்னு முதலாளி செக் ரோலை, அதாவது ஆள் கணக்கு நோட்டை, வீட்டுக்கே கொடுத்தனுப்பறார். போன வாரம் அதை எட்டிப் பார்த்தேன். எண் எல்லாம் கட்டத்தை விட்டு வெளியில ஓடுது. 7 போட்டா 1 மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது. டீ டம்ளரைத் தட்டுல வைக்கறப்போ கிணிகிணின்னு சத்தம் வருது. அம்மா அடுப்படியில இருந்து அதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசாம நிக்கறாங்க.

உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளாம இருக்கக் கொடுக்கற டாக்ரோலிமஸ் காலையில 8 மணிக்கு 2.5 மி.கி., ராத்திரி 8 மணிக்கு 2 மி.கி. கூடவே மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன், பிரஷர் மாத்திரை. செப்டம்பர்ல ரத்தத்துல அந்த மருந்தோட லெவல் 8 இருந்துச்சு. நேத்து போன்ல வந்த ரிப்போர்ட்ல 14.2. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 1.2-ல இருந்து 1.6 ஆயிருக்கு. முடி கொட்டுது. முன்னாடி இல்லாத சர்க்கரையும் வந்திருக்கு. சர்க்கரைக்காக பலா, வாழைப்பழம் எல்லாம் நிறுத்திட்டு, வீட்டு மரத்துப் பம்ளிமாஸைத்தான் அம்மா உரிச்சுக் கொடுக்கறாங்க.

டாக்டரைப் பார்க்கிற தேதி இன்னும் எட்டு நாள் இருக்கு. பக்கத்து வீட்டு ஐயா, "பாதி மாத்திரை போதும், மீதிக்கு எதிர்ப்பு சக்தி ஏத்தற சீந்தில் கஷாயம் குடிக்கச் சொல்லு"ங்கறார். இன்னொரு சந்தேகம். இதே பேர்ல தோலுக்குப் பூசற களிம்பு மருந்துக் கடையில இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க. ராத்திரியில தூக்கம் வரமாட்டேங்குது.

குழித்தறி_அம்மாப்பேட்டை

தங்கச்சி, முதல் வேலையா ஒண்ணு செய்யுங்க. ஆஸ்பத்திரியில டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் நம்பர் கொடுத்திருப்பாங்க. அதுக்கு இன்னைக்கே போன் போட்டு இந்த ரெண்டு எண்ணையும் சொல்லுங்க. எட்டு நாள் காத்திருக்கிற விஷயம் இல்லை இது. மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க. நீங்களா கூட்டவும் வேண்டாம்.

எனக்கு 2013-ல ஆச்சு. கொடுத்தது என் அக்கா. நான் பட்டுத் தறிக்காரன், வேட்டி நெய்யறவன். கை நடுக்கம்னா என்னன்னு எங்க தொழில்ல இருக்கறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாவு பிணைக்கறப்போ பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து, சாம்பல் தொட்டு, ரெண்டு விரல் நடுவுல முறுக்கணும். அப்படி ஆயிரக்கணக்குல இழை. முதல் அஞ்சாறு மாசம் ஒரு இழையைப் பிடிக்கப் போனா நாலு இழை சேர்ந்து வரும். என் சம்சாரம்தான் பிணைச்சா, நான் பக்கத்துல உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தேன். டோஸைக் கொஞ்சம் கொஞ்சமா டாக்டர் இறக்க இறக்க நடுக்கமும் இறங்குச்சு. முழுசா போகலை. காலையில மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு லேசா வரும். அந்த நேரத்துல தறியில உட்கார மாட்டேன், கடைக்குப் போய்ட்டு வந்துருவேன்.

இப்போ முக்கியமான கேள்வி. ரத்தம் கொடுத்த அன்னைக்கு அண்ணன் காலை மாத்திரையைப் போட்டுட்டுக் கொடுத்தாரா, போடாம கொடுத்தாரா? கீழ வந்து சேரவே நேரமாகுமே, அதனால கேக்கறேன்.

ஏன் கேக்கறேன்னா, லெவலுக்கு ரத்தம் காலை மாத்திரைக்கு முன்னாடி கொடுக்கணும், போட்டுட்டுக் கொடுத்தா எண் ஏத்தமா காட்டும். 2015-ல நான் பண்ணின தப்பு அதுதான். ஒரு கல்யாணத்துக்குப் போற அவசரம். ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு, பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தேன். லெவல் 21-னு வந்துச்சு. மாத்திரை போட்ட விஷயத்தை நான் டாக்டர்கிட்ட சொல்லலை, அது ஒரு விஷயம்னே எனக்குத் தோணலை. அவங்க அந்த எண்ணைப் பார்த்து டோஸைக் குறைச்சாங்க. உண்மையில என் லெவல் சரியாத்தான் இருந்திருக்கு. ரெண்டு மாசத்துல கிரியாட்டினின் 1.3-ல இருந்து 2.4. கால் வீங்கிப் போச்சு. பயாப்ஸி எடுத்தாங்க, உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்னாங்க. மூணு நாள் ஸ்டீராய்டு டிரிப். கடைசியில 1.7-ல வந்து நின்னுச்சு. இன்னைக்கும் அங்கேயே நிக்குது. அக்கா கொடுத்ததுல அவ்வளவை நான் தொலைச்சுட்டேன். இதை எழுதறப்போகூட எனக்கு மனசு கனக்குது.

கஷாயம் வேண்டவே வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் இவ்வளவு மாத்திரை. அதைத் தட்டி எழுப்பற எதையும் வாயில வைக்கலாமா? அந்த ஐயா நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார். ஆனா அவர் சொன்னதைச் செஞ்சா அம்மா கொடுத்த கிட்னிதான் போகும்.

ஓய்வு_மருந்தாளுநர்

அம்மா, நான் சேலத்துக்காரன். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழித்தறி நண்பர் நேரத்தைக் கேட்டது மிகச் சரி. நான் வேறொன்றைக் கேட்கிறேன். பம்ளிமாஸ் எத்தனை நாளாக, எவ்வளவு சாப்பிடுகிறார்?

டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர் தொடக்கூடாத பழங்களில் அது ஒன்று. வெளிநாட்டு மருந்துச் சீட்டுகளில் கிரேப்ஃப்ரூட் என்று போட்டிருப்பார்கள். நம் பக்கம் அந்தப் பழம் கிடைப்பது அரிது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. கிரேப்ஃப்ரூட்டே பம்ளிமாஸின் வாரிசுதான். நாம் விழுங்கும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி உடைத்துவிடுகிறது. அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் டோஸ் தீர்மானிக்கிறார்கள். இந்தப் பழத்தில் உள்ள ஃபியுரனோகூமரின் என்ற பொருள் குடலில் இருக்கும் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது அதே 2.5 மி.கி. மாத்திரையிலிருந்து கூடுதல் மருந்து ரத்தத்தில் ஏறும். "காலையில் மாத்திரை, மத்தியானம் பழம்" என்று தள்ளி வைத்தாலும் பயனில்லை. முடங்கிய நொதிக்குப் பதில் புதிதாக உருவாக இரண்டு மூன்று நாள் ஆகும்.

லெவல் ஏறினால் கை நடுங்கும், தலைவலி வரும், பிரஷரும் பொட்டாசியமும் கூடும். கிட்னிக்குள் போகும் ரத்தக் குழாய்களை இந்த மருந்து சுருங்க வைப்பதால் கிரியாட்டினினும் ஏறும். கிட்னியைக் காப்பாற்றும் மருந்தே அளவு மிஞ்சினால் கிட்னியைத் தாக்குகிறது. ஆகவேதான் இத்தனை ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரப்பதை இது மந்தப்படுத்தும், பிரட்னிசோலோனும் கூடச் சேர்ந்துகொள்ளும். டோஸ் இறங்கும்போது பலருக்குச் சர்க்கரையும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். முடி கொட்டுவதும் இந்த மருந்தால் வரக்கூடியதே. பழைய மருந்தான சைக்ளோஸ்போரின் இதற்கு நேர்மாறு, முகத்தில் கூட முடி வளர்க்கும், ஈறு தடிக்கும்.

களிம்பும் இதே மருந்துதான். தோல் அழற்சிக்கு மேலே பூசுவது. அந்த இடத்துத் தோலில் வேலை செய்யும், ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. 1984-ல் ஜப்பானில் சுகுபா என்ற ஊர் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து இது. 1994-ல் அமெரிக்காவில் கல்லீரல் மாற்று நோயாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பிடி மண்ணிலிருந்து கிடைத்த பொருள் இத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

கடையில் போய்ச் சளி, படர்தாமரை என்று மாத்திரை வாங்குவது அடியோடு கூடாது. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் லெவலை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் லெவலைப் பாதாளத்துக்கு இறக்கும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடவே வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் போன் செய்யுங்கள், அப்போதும் லெவல் ஏறும். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள். கம்பெனி மாறினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், லெவலும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாகலூர்_தங்கை

ஐயா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. ரெண்டுமே நடந்திருக்கு!

பழம் தீபாவளிக்கு முன்னாடி இருந்து தினமும். பாதிப் பழம், சில நாள் முழுசு. ரத்தம் கொடுத்த அன்னைக்கு 8 மணி தவறக்கூடாதுன்னு வீட்டுலயே மாத்திரையைப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறியிருக்கு. இருபது ஊசிமுனை வளைவும் இறங்கி சேலம் அஞ்சு ரோடு லேப்புக்குப் போறப்போ பத்தரை. எப்போ மாத்திரை போட்டீங்கன்னு அங்க யாரும் கேக்கலையாம்.

அம்மாகிட்ட பழ விஷயத்தைச் சொன்னேன். "நானே கொடுத்து நானே கெடுத்தேனா"ன்னு ஒரே அழுகை. போன் போட்டுட்டோம். பழத்தை நிறுத்துங்க, மாத்திரை அளவை மாத்த வேண்டாம், நாலு நாள் கழிச்சு சரியான நேரத்துல திரும்ப ரத்தம் கொடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள சிறுநீர் குறைஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கிளம்பி வரணுமாம்.

ஆத்தூர்_வெண்ணிலா

அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லுங்க. யாரும் சொல்லாதது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மாற்று ஆபரேஷன் இல்லை, லூபஸ். சொந்த உடம்பே கிட்னியைத் தாக்கற நோய். அதுக்கும் இதே குடும்பத்து மருந்துங்கதான். ரெண்டு வருஷம் மைக்கோஃபினோலேட் சாப்பிட்டேன். குழந்தை வேணும்னு சொன்னப்போ அதை நிறுத்தி அசாதயோபிரின் கொடுத்தாங்க. மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், கர்ப்பத்துக்கு ஆறு வாரமாவது முன்னாடியே நிறுத்தணும்னு கண்டிப்பா சொன்னாங்க. இப்போ என் மகனுக்கு ஒரு வயசு முடிஞ்சிருச்சு. இதைப் படிக்கிற பொண்ணுங்க யாராவது இருப்பீங்கன்னுதான் எழுதறேன்.

இன்னொண்ணு. ஊர்ல யாருக்காவது அம்மை போட்டிருந்தா அண்ணன் அந்தப் பக்கமே போகக்கூடாது. தெரியாம போயிட்டா, கொப்புளம் வரட்டும்னு பார்க்காம அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லுங்க. எங்க தெருவுல வேப்பிலை கட்டியிருந்த வீட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போகணும். மூணு வாரம் என் வீட்டுக்காரர்தான் எல்லாம் வாங்கிட்டு வந்தார்.

நாகலூர்_தங்கை

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதறேன். விடிகாலை பஸ்ஸுல நானும் கூடப் போனேன். ஏழே முக்காலுக்கு லேப் வாசல்ல நின்னோம். 8.05-க்கு ஊதா மூடிக் குழாய்ல ரத்தம் எடுத்தாங்க. அங்கேயே பெஞ்சுல உட்கார்ந்து அண்ணன் மாத்திரையைப் போட்டுச்சு. சென்னைக்கு அனுப்பி ரெண்டாம் நாள் ரிப்போர்ட் வந்துச்சு. லெவல் 7.8. கிரியாட்டினின் 1.3.

எது பழத்தால ஏறினது, எது நேரத்தால ஏறினதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, நடுக்கமும் கிரியாட்டினினும் கூடினதைப் பார்த்தா பழத்துக்குப் பங்கு இருக்கும்னு டாக்டர் சொன்னார். டோஸ் அப்படியே. நடுக்கம் குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. டம்ளர் சத்தம் காலையில மட்டும் கேக்குது.

மரத்துல இன்னும் இருபது பழத்துக்கு மேல தொங்குது. அம்மா மரத்தை வெட்டச் சொல்றாங்க. அண்ணன் வேண்டாம்னுடுச்சு, அப்பா வெச்ச மரம். பறிக்க வர்றவங்களுக்கு எல்லாம் கொடுத்துட்டிருக்கோம்.

குழித்தறி_அம்மாப்பேட்டை

7.8 பார்த்ததும் எனக்கே உயிர் வந்த மாதிரி இருக்கு தங்கச்சி. மரத்தை வெட்டாதீங்க.

ஒவ்வொரு தடவையும் விடிகாலை பஸ்ஸைப் பிடிச்சு மலையிறங்கறது குளிர் காலத்துல கஷ்டம். அண்ணனுக்கு இப்போ சளி பிடிக்கவும் கூடாது. மாத்திரை நேரத்தை 10-க்கும் 10-க்கும் மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எனக்கு அப்படித்தான் மாத்திக் கொடுத்தாங்க, நிதானமா போய் ரத்தம் கொடுக்கறேன். லேப் சீட்டுல "கடைசி மாத்திரை ராத்திரி இத்தனை மணி"ன்னு பேனாவால எழுதச் சொல்லுங்க, அவங்க எழுதலைன்னா நீங்களே எழுதுங்க. காலை மாத்திரையைச் சட்டைப் பையில தனியா வெச்சு எடுத்துட்டுப் போங்க, கூட ஒரு வேளை மாத்திரை உபரியாவும் இருக்கட்டும். மலைப்பாதையில மரம் விழுந்து பஸ் நின்னா உதவும்.