மற்றவரின் வரத்தைப் பார்த்து மனம் சுருங்குகிறது: என்ன செய்வது?

கேள்வி

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் வாழ்த்துகள். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஒரு தோழியோடு சேர்ந்து ஊழியம் செய்து வருகிறேன். அவர் வேதாகமக் கதையைச் சொல்லத் தொடங்கினால், கடைசி வரிசையில் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அடங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். பாட்டும் அவருக்கு இயல்பாகவே வருகிறது. எனக்கோ நாலு பேர் முன்னால் நின்றாலே நா எழாது. வருகைப் பதிவேட்டை எழுதுவதும், வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும், வகுப்பு முடிந்தபின் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவதும்தான் என் வேலை. பெற்றோர் அவரைப் பாராட்டும்போது நானும் மகிழ வேண்டும் என்று தெரிந்திருந்தும் மனம் சுருங்கிவிடுகிறது. அவர்மேல் எனக்குக் கோபம் சிறிதும் இல்லை. ஆனால் தேவன் எனக்கு மட்டும் ஏன் குறைத்துக் கொடுத்தார் என்ற எண்ணம் ஜெபவேளையில்கூட வந்து நிற்கிறது. இதை எப்படி மேற்கொள்வது?

பதில் 1

சகோதரி, வராத பிள்ளையின் வீட்டுக்கு நீங்கள் அழைக்கிறீர்கள் என்ற வரியிலேயே நான் நின்றுவிட்டேன். ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறதா, வீட்டில் ஏதேனும் துயரமா, அல்லது போன வாரம் வகுப்பில் யாராவது கேலி செய்ததால் வர மறுக்கிறதா என்பது சபையில் முதலில் உங்களுக்குத்தான் தெரியவரும். எத்தனை இனிமையாகக் கதை சொன்னாலும், வராத பிள்ளையின் காதில் அது விழாது அல்லவா?

பவுல் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் வரங்களை வரிசைப்படுத்தும்போது, அற்புதங்களையும் குணமாக்குதலையும் சொன்ன அதே வசனத்தில் பிறருக்கு உதவுவதையும் நிர்வகிப்பதையும் சேர்த்தே சொல்கிறார். யாத்திராகமம் 31இல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படும் பெசலெயேல், பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞன். அவன் பிரசங்கித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைத்தான் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள். மேடையில் தெரிவது மட்டுமே வரம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ ஊறிவிட்டது. அதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

பதில் 2

மேலே சகோதரர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒப்பிடுகிறோமே என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தன் திறமையை அளக்கத் திட்டமான அளவுகோல் இல்லாதபோது மனிதர் பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றும், அதிலும் தமக்கு நெருக்கமான நிலையில் இருப்பவரையே தேர்ந்துகொள்கிறார்கள் என்றும் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் விளக்கினார். எங்கோ இருக்கும் புகழ்பெற்ற பாடகர் உங்களை வருத்தவில்லை; அதே வகுப்பில் நிற்கும் தோழிதான் வருத்துகிறார் என்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே அளவுகோலை மாற்றுங்கள். கலாத்தியர் 6:4 அவரவர் தம் சொந்தச் செயலைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. போன மாதம் நீங்கள் விசாரித்த பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், யாரிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது என்று உங்கள் பதிவேட்டையே பாருங்கள். அத்துடன், "எனக்குக் கொடுத்தது இவ்வளவுதான்" என்று ஒதுங்கிவிடவும் கூடாது. மத்தேயு 25இல், பயணம் போகும் எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை, அதாவது பெரும் பணத்தொகைகளை, ஒப்படைக்கும் உவமையில், ஒரு தாலந்தைப் பெற்றவன் அதைப் புதைத்ததற்குப் பயத்தையே காரணமாகச் சொல்கிறான். அதே உவமையில் இரண்டு தாலந்து பெற்றவனுக்கும் ஐந்து பெற்றவனுக்கும் கிடைத்த பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

பதில் 3

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தன் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை இயேசு ஒப்படைத்த சற்று நேரத்திலேயே, பேதுரு திரும்பி இன்னொரு சீஷனைப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்கிறார். அதனால் உனக்கு என்ன, நீ என்னைப் பின்பற்றி வா என்பதே ஆண்டவரின் பதில். பேதுருவை அவர் தள்ளிவிடவில்லை. கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஜெபத்தில் அந்த எண்ணம் வரும்போது அதை மறைக்காமல் அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள். தோழியைப் பாராட்டும் முதல் ஆளாக நீங்களே இருந்து பாருங்கள். மனத்தின் இறுக்கம் தளர்வதை உணர்வீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். தோழி வெளியூர் செல்வதால், வரும் ஞாயிறன்று கதையை என்னையே சொல்லச் சொல்கிறார்கள். அது என் வரம் அல்ல என்று மறுத்துவிடலாமா?

பதில் 1

மறுக்க வேண்டாம், சகோதரி. தனக்குப் பேச்சுவன்மை இல்லை என்று மோசே சொன்னபோது, தேவன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தாரே ஒழிய, மோசேயை அனுப்பாமல் விடவில்லை. தோழியைப் போலச் சொல்ல முயலாமல், சிறிய கதை ஒன்றைத் தேர்ந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே சொல்லுங்கள். அத்தனை பெயர்களும் பதிவேட்டைப் பார்க்காமலே உங்களுக்குத் தெரியும். பாட்டுக்கு மூத்த பிள்ளைகளில் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.