உங்க வீட்டு அப்பாக்கள்கிட்ட இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?

எங்க ஊர் நாமக்கல். அப்பா லாரி டிரைவர். முப்பது வருஷம் வடக்கு லைன் ஓட்டினவர். நாக்பூர், ஜபல்பூர், சில நடை கல்கத்தா வரைக்கும் போவார். திரும்பி வர இருபது நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். 1989-ல நான் பிறந்தப்போ நாக்பூர்ல லோடு இறக்கிட்டு இருந்தாராம். இங்கிருந்து கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் போன் வழியாத்தான் சேதி போச்சு. என் முகத்தைப் பார்த்தது 19-ஆம் நாள்.

சின்ன வயசுல எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சு. லாரிச் சத்தம் கேட்டா தெருமுனைக்கே ஓடுவேன். அவரு "இருடா சாமி, வர்றேன்"னு சொல்லிட்டு, என்னைத் தொடாம நேரா கொல்லைப்பக்கம் தண்ணித்தொட்டிக்குப் போயிடுவார். குளிச்சு வேட்டி மாத்தினப்புறம்தான் தூக்குவார். அதுக்குள்ள எனக்கு அந்த ஆசையே போயிருக்கும். ஊர் ஊரா சுத்தற மனுஷனுக்கு நம்ம மேல பாசம் இல்லைபோலனு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

2019-ல எனக்குப் பாப்பா பிறந்தா. 34 வாரத்துலயே பிறந்துட்டா, எடை 1.7 கிலோ. எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. அப்புறம் நர்ஸ் அக்கா வந்து, "அம்மாவுக்கு ஆபரேஷன் வலி இருக்கு, நீங்க சட்டையைக் கழட்டிட்டு சாஞ்சு உக்காருங்க"ன்னாங்க. கங்காரு பராமரிப்பு. 1970-கள் கடைசியில, கொலம்பியாவோட பொகோட்டா நகரத்துல இன்குபேட்டர் பத்தாமப் போனப்போ டாக்டர்கள் ஆரம்பிச்ச முறைன்னு பின்னாடி படிச்சேன். குழந்தைக்குத் தொப்பியும் நாப்பியும் மட்டும் போட்டு, கால் ரெண்டையும் தவளை மாதிரி மடக்கி, தலையை ஒரு பக்கமா திருப்பி, வெறும் நெஞ்சுமேல குப்புற வெச்சு துணியால கட்டிவிடுவாங்க. ஒரு தடவை வெச்சா ஒரு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. நம்ம உடம்புச் சூடுதான் அதுக்குப் பெட்டி. அவ மூச்சு என் கழுத்துக்குழியில பட்டுட்டே இருந்துச்சு. பயத்துல நான் எச்சில்கூட முழுங்கலை.

ஆபீஸ்ல கொடுத்தது 3 நாள் லீவு. மத்திய அரசு ஊழியரா இருந்தா 15 நாள் கிடைக்கும். தனியார் வேலையில அப்பாக்களுக்குனு சட்டம் எதுவும் இல்லை. சம்பளம் போனாப் போகட்டும்னு 12 நாள் எடுத்தேன். அதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தம் இல்லை.

நாலாவது நாள் முதுகு பிடிச்சுக்கிச்சு. வெளியில நின்னுட்டிருந்த அப்பா, "நான் வெச்சுக்கலாமுங்களா?"ன்னு நர்ஸ் அக்காவைக் கேட்டார். அவங்களும் சரின்னாங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினார். சட்டையைக் கழட்டினப்போ பார்த்தேன். ஜன்னல்ல வெச்சு ஓட்டின வலது கை மட்டும் கருகின மாதிரி இருக்கு, நெஞ்சு வெளுப்பா இருக்கு. அந்த வெளுப்புல பாப்பாவை வெச்சுக் கட்டினாங்க. ரெண்டு மணி நேரம் அசையலை. கண்ணு மட்டும் பாப்பா தொப்பி மேலயே இருந்துச்சு.

அப்போதான் சொன்னார். "உன்னை முதமுதல்ல தூக்கினப்போ வீல்னு கத்துன கண்ணு. என் மேல டீசல் நாத்தம். உங்கம்மா வெடுக்குனு வாங்கிட்டா. அதுக்கப்புறம் குளிக்காம உன்னைத் தொட்டதே இல்லை."

முப்பது வருஷம் நான் தப்பா நினைச்சிட்டு இருந்த விஷயம் அது. அவரு செஞ்சதுல குறையே கிடையாது, வாயத் தொறந்து சொல்லலை, அவ்வளவுதான். ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டேன். வேலை விட்டு வந்ததும் கை கழுவப் போறேன்னா, "வெளியில இருந்து அழுக்கோட வந்திருக்கேன் தங்கம், கழுவிட்டு ஓடியாறேன்"னு பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். வாய் பேசாத வயசுலயும் சொன்னேன்.

எங்க மாமா ஒருத்தரையும் சொல்லணும். பள்ளிபாளையத்துல தறி ஓட்டறவர். ஒருநாள் பையனை விசாரிக்காம அடிச்சிட்டார். மறுநாள் நாங்க எல்லாரும் சாப்பிட உக்கார்ந்திருந்தப்போ, "நான் பண்ணுனது தப்புடா சாமி"ன்னார். பெரியவங்க பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

*

நான் வேற வீட்டு ஆளுங்க. எங்க வீட்டுல நான் கத்துக்கிட்டது எங்க அண்ணன்கிட்ட இருந்து. புதன்கிழமை ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மாக்களும் ஆத்தாக்களும் வரிசையில இருப்பாங்க, நடுவுல கையில ஊசி அட்டையோட எங்க அண்ணன் மட்டும் ஆம்பளை. "அம்மா வரலையா?"ன்னு கேட்காத ஆள் இல்லை. "நான் வந்திருக்கேன்ல அக்கா"ன்னு சிரிப்பார். ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாச ஊசி மூணுக்கும் குழந்தையை அவர்தான் மடியில பிடிச்சுக்கிட்டார். ஊசி போட்ட தொடையைத் தேய்க்கக் கூடாது, ஒரு நாள் ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம், நர்ஸ் சொன்ன அளவுக்கு மேல காய்ச்சல் சொட்டு மருந்து கொடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன்தான். என் பையனுக்கு முதல் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடிச்சப்போ, அண்ணன் செஞ்ச மாதிரியே தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கும் திண்ணைக்குமா நடந்துட்டே இருந்தேன். விடியக்காலம் தூங்கினான்.

*

நாமக்கல் நண்பரே, இப்போ அப்பா எப்படி இருக்கார்?

*

நல்லா இருக்காருங்க. லாரியை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா இன்னும் குளிச்சிட்டுத்தான் பாப்பாவைத் தொடுவார். அவ குளியலறைக் கதவுக்கு வெளியே நின்னுக்கிட்டு பள்ளிக்கூடக் கதையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லுவா. உள்ள இருந்து "அப்புறம் கண்ணு?"ன்னு கேட்டுட்டே இருப்பார்.