வெட்டா, கமராவா, கீழ்வழியா? கர்ப்பப்பை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை:
என் கர்ப்பப்பையில் ஃபைப்ரொயிட் என்ற சதைக்கட்டி வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுங்கள். கொழும்பு மச்சாள் "கமராவில் செய், வயிற்றில் சின்னத் துளை போட்டுத்தான் எடுப்பார்கள், அடுத்த கிழமையே சமைக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி என்னைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். கிளினிக்கில் விஓஜி (பெண்நோய், மகப்பேற்று டொக்டர்) வயிற்றை அமத்திப் பார்த்தார், கர்ப்பப்பை தொப்புள் வரை வந்துவிட்டதாம். அப்புறம் ஸ்கான் துண்டைத் திருப்பி ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் பெரிய வட்டம் கீறினார். "துளை இது, கர்ப்பப்பை இது. எப்படி எடுக்கிறது, நீங்களே சொல்லுங்கோ." வெட்டித்தான் எடுத்தார்கள். சுகமாகத்தான் இருக்கிறேன், ஆனால் அந்த வட்டங்கள் மனதை விட்டுப் போகவில்லை. துண்டுதுண்டாக எடுக்க முடியாதா?

நிலாவெளி:
எனக்குக் கமரா. வயிற்றில் பெரிய வலி இல்லை, விடிய எழும்பினால் தோள்பட்டை பிடுங்கி எடுக்கிறது! வயிற்றுக்குள் நிரப்பும் வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) உறுத்தினால் தோளில்தான் வலிக்குமாம். முதலே யாராவது சொல்லியிருந்தால் மாரடைப்பு என்று இவரைக் கூப்பிட்டு அழுதிருக்க மாட்டேன்.

கிண்ணியா:
இரண்டு பேரும் வயிற்றையே பேசுகிறீர்கள். உம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கம், கீழ்வழியாக, அதாவது யோனி வழியாக எடுத்தார்கள். முதுகில் ஊசி, ஆள் முழிப்பு, வயிற்றில் ஒரு கீறல் இல்லை. கமரா புதுசு என்பதற்காக அதுதான் சிறந்தது என்றில்லை. கீழ்வழி சரிவருமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

உவர்மலை அக்கா, துண்டாக்கலாம். ஆனால் ஃபைப்ரொயிட் என்று நினைத்ததற்குள் புற்றுநோய் ஒளிந்திருந்தால், அரைக்கும் கருவி அதை வயிறெங்கும் பரப்பிவிடலாம். 2014இல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ இதைச் சொல்லித்தான் எச்சரித்தது. ஃபைப்ரொயிட்டுக்காக ஒப்பரேஷன் செய்யும் பெண்களில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் அப்படி இருக்கலாம் என்பது அவர்களின் அன்றைய கணக்கு. பைக்குள் போட்டுத் துண்டாக்கும் முறையும் இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது. முன்பு சீசர் செய்திருந்தால் உள்ளே ஒட்டியிருக்கலாம், அதையும் பார்ப்பார்கள். சூலகத்தை விட்டார்களா என்று கேட்டீர்களா? மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டையும் எடுத்தால் உடம்பு திடீரென்று கொதிக்கத் தொடங்கும். கர்ப்பப்பைக் கழுத்தை விட்டிருந்தால், அங்கே புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் பாப் பரிசோதனையை நிறுத்த வேண்டாம். வெட்டிய உடம்புக்கு ஆறு கிழமையாவது ஓய்வு வேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளவே கூடாது, வாளி தூக்கவும் கூடாது, மருமகளிடம் சொல்லுங்கள்.

உவர்மலை:
தங்கச்சி, ஒப்பரேஷன் முடிந்து போன வருடம். மருமகளும் இல்லை, எனக்கு இருப்பது இரண்டு பெட்டைகள். துண்டாக்கும் விஷயம் விளங்கியது, அதையாவது அந்த டொக்டர் வாயால் சொல்லியிருக்கலாம்.