பொருள்: பள்ளிக்கூடத்துக் கணித ரீச்சருக்கு மாதக் கொடுப்பனவு

அனுப்புவது: தபாற்கந்தோரடி அக்கா, ரொறன்ரோ

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது பள்ளிக்கூடத்துக்கும் போனேன். பார்த்ததைச் சொல்லிவிட்டுக் காசு கேட்கப் போகிறேன்.

ஒன்பதாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை கணிதம் படிப்பிப்பது வாசிகசாலைக்குப் பின்வீட்டுப் பிள்ளை. கலைப் பட்டதாரி, நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. முன்பிருந்த சேர் 2022 நெருக்கடியில் வெளிநாடு போனவர். அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் போகலாம் என்று அந்த ஆண்டு சுற்றறிக்கை வந்தது உங்களுக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் போனவர்கள்தான். ஆனால் அந்த இடம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது என்று அதிபர் சொன்னார். ஆளணிப் பட்டியலில் ஆள் இருக்கிறார், வகுப்பில் இல்லை.

இடையில் வலயக் கல்விக் கந்தோர் ஒருவரை அனுப்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பஸ்ஸில் வந்து, மாங்குளத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வந்து சேர முதல் பாடம் முடிந்துவிடும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த கையோடு இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். பதிலீடு வரவில்லை.

பின் வாங்கில் இருந்து பாடம் பார்த்தேன். திரிகோண கணிதம். ஒரு பெடியன், "ரீச்சர், இதுக்கு சைனா கோசைனா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த சீ.ஆர். கொப்பியை, அந்தப் பெரிய தடித்த கொப்பியை, எடுத்துப் பக்கம் புரட்டினாள். முதல்நாள் இரவு அந்தக் கணக்கைத் தானே மூன்று விதமாகச் செய்து பார்த்து, இரண்டை வெட்டியிருந்தாள். விடை வராவிட்டால் கிளிநொச்சியில் இருக்கிற சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பாளாம். பிறகு பலகைக்குப் போய் ஏன் கோசைன் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பெடியனுக்கு விளங்கியது. எனக்கும்தான்.

பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் அவளுக்கு மாதம் 6,000 ரூபா கொடுத்து வந்தது. சித்திரைக்குப் பிறகு அதுவும் இல்லை. மாதம் 25,000 ரூபா, இந்தச் சாதாரண தரப் பரீட்சை முடியும் வரைக்கும். இதுதான் நான் கேட்பது.

—

அனுப்புவது: சங்கக்கடை மாமா, சூரிச்

பிள்ளை, எழுதியது நல்லது. கணக்கில்லாமல் ஒரு சதம் போகவும் நான் சம்மதியேன். ஸ்மார்ட் போர்டுக்கு அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை. அது யாரிடம் நிற்கிறதோ அவருக்குத் தெரியும், இந்த மடலையும் வாசிப்பார்.

காசு பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், நேரே அவளின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மாதாமாதம் வரவுப் பதிவேட்டின் பிரதி அதிபரின் ஒப்பத்தோடு வர வேண்டும்.

இன்னொன்று. நாங்கள் கொடுக்கக் கொடுக்க வலயத்துக்கு என்ன அவசரம்? போர் முடிந்து, 2009 ஐப்பசிக்குப் பிறகு மீளக் குடியேறின காலத்திலும் தற்காலிகம் என்றுதான் தொண்டர்களைப் பிடித்தோம். அந்தத் தற்காலிகம் எப்போது முடிந்தது?

—

அனுப்புவது: மாஸ்டர் வீட்டு மூத்தவன், லண்டன்

இதைப் பொதுவில் எழுதியிருக்கத் தேவையில்லை அக்கா. அயலூர்ச் சங்கக்காரரும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஐயா படிப்பித்த காலத்தில் கணிதத்துக்கென்றே அயலூர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள். போர்க்கால மண்ணெண்ணெய்த் தடையிலும் எங்கள் விறாந்தையில் ஜாம்போத்தல் விளக்கு வைத்துப் பாடம் நடந்தது. ஒருவரிடமும் ஐயா காசு வாங்கவில்லை. அவருடைய படத்தை மண்டபத்திலிருந்து கழற்றும்போது என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை, இப்போது காசுக்கு மட்டும் என் ஞாபகம் வருகிறது.

நுழைவாயில் வளைவு அரைவாசியில் நிற்கிறது. ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவோம்.

—

அனுப்புவது: தபாற்கந்தோரடி அக்கா, ரொறன்ரோ

தம்பி, வளைவு இன்னும் ஒரு வருடம் நிற்கட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த வருடம் திரும்பி வராது. பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, அதற்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம், எங்கள் முல்லைத்தீவும் அதில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் எங்கள் பிள்ளை பொறியியலுக்குப் போக முதலில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும். பதினோராம் ஆண்டில் கணிதம் விட்டுப்போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெட்கப்பட வேண்டியது இதற்குத்தான். மறைத்து வைத்தால் ஆசிரியர் வரப்போவதில்லை.

மாமா சொன்ன இரண்டும் சரி. பதிவேட்டுப் பிரதி எங்கள் கணக்கைவிட அவளுக்குத்தான் முக்கியம். நாளைக்கு நியமனத்துக்கு நேர்முகம் வைத்தால் சேவை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். நான் பார்த்த அன்றைக்கு ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை, தனியாக ஒரு கொப்பியில் ஒப்பமிடுகிறாள். அவள் வேலைக்கு வந்த நாளையும் எடுக்கிற வகுப்புகளையும் பள்ளிக்கூடத்து நடப்புகளைப் பதிகிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி, அதிபர் ஒப்பமிட வேண்டும். இதற்குச் சம்மதித்தால்தான் காசு என்று அவருக்கு எழுதுவோம். அவள் பாடுபடுகிறாள், அது எங்கேயும் எழுத்தில் இல்லை. நியமனத்துக்கான வயதெல்லையும் அவளுக்குக் கிட்ட வருகிறது.

வலயம் சும்மா இருக்கும் என்றதும் உண்மை. அதனால் காசு போகிற ஒவ்வொரு மாதமும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் சங்கத்தின் கடிதம் போக வேண்டும்: இந்தப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை, இத்தனை மாதமாக ஊர்க்காசில் பாடம் நடக்கிறது என்று. கடிதம் நிற்கிற மாதம் காசும் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள் மாமா, அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். எங்கள் சோம்பலுக்கு அவள் சம்பளத்தை நிறுத்தக் கூடாது.

தம்பி, ஐயாவிடம் நானும் படித்தவள். படத்தைக் கழற்றியது தவறு, கூட்டத்திலும் அப்படித்தான் சொன்னேன், திரும்ப மாட்டும் வரைக்கும் சொல்வேன். ஐயாவின் கணக்குக் கொப்பிகள் உன்னிடம் இருந்தால் கேத்திர கணிதப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பு, அவளிடம் சேர்ப்பிக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் என் பொறுப்பு. மிச்ச மாதங்களுக்கு யார் யார் என்று வெள்ளிக்கிழமைக்கு முதல் எழுதுங்கோ. முதற்கடிதத்தை நான் எழுதுகிறேன், மாமா திருத்தித் தாருங்கோ.