சீலிங்கில் ஈரம்: சான்றுகளை அடுக்கி முடிவு சொல்வது எப்படி? (அவசர உதவி)

வேளச்சேரிவாசி: ஞாயிறன்று குடியிருப்போர் சங்கக் கூட்டம். எங்கள் சீலிங்கில் ஈரம் படர்கிறது. மாடி வீட்டுக்காரர் மழை என்கிறார். நான் அவர் வீட்டுக் குளியலறைக்குத் தண்ணீர் வரும் குழாய் என்கிறேன். சண்டையாகாமல் காரணத்தை நிறுவ ஒரு முறை சொல்லுங்கள்.

செந்தில்: எந்த அறை? எந்த மாதம் தொடங்கியது? எப்போதும் ஈரமா, விட்டுவிட்டா?

மயிலை மாணவன்: மணிமேகலையில் அறவண அடிகள் வழி காட்டுகிறார். இம்மலையில் நெருப்பு உண்டு: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று). புகை இருப்பதால்: ஏது (காரணம்). அடுக்களை போல: திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இம்மலையிலும் புகை: உபநயம் (பொருத்திக் காட்டல்). ஆகவே நெருப்பு: நிகமனம் (முடிவு). இப்படியே எழுதிக் கொண்டுபோங்கள்.

தர்க்கப்பிரியன்: இங்கே பலமுறை விளக்கியாயிற்று, பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. ஏது விபக்கத்தில், அதாவது நிறுவ வேண்டியது இல்லாத இடத்தில், இருக்கவே கூடாது. மழையாலும் ஈரம் வரும் என்னும்போது, 'ஈரம் இருப்பதால் குழாய்க் கசிவு' என்பது நிற்காது. மேலும், உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்தில் அடங்கும் என்று அதே காப்பியம் சொல்கிறது. மூன்று போதும்.

மயிலை மாணவன்: நியாய தத்துவத்தின் மூலநூலான நியாய சூத்திரம் ஐந்தையும் கேட்கிறதே! பிறரை ஏற்கச் செய்ய ஐந்தும் வேண்டும்.

தர்க்கப்பிரியன்: பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் மூன்றே போதும் என்ற பிறகுமா?

செந்தில்: ஐயா, அவருக்கு ஞாயிறு கூட்டம்.

கிண்டி பொறியாளர்: அமெரிக்க உளவுத்துறையில் இருந்த ரிச்சர்ட்ஸ் ஹோயரின் முறை இதற்குப் பொருந்தும். சாத்தியமான காரணங்களை எல்லாம் மேல்வரிசையில் எழுதுங்கள்: மழை, தண்ணீர் வரும் குழாய், கழிவுக் குழாய், குளியலறைத் தரை. சான்றுகளை இடப்பக்கம் எழுதுங்கள். எல்லாக் காரணங்களோடும் ஒத்துப்போகும் சான்றால் பயனில்லை. எது எதைத் தகர்க்கிறது என்று மட்டும் பாருங்கள்.

வேளச்சேரிவாசி: கூடம், குளியலறைச் சுவரை ஒட்டி. சித்திரை வெயிலில் தொடங்கியது. மாடி வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோது காய்ந்துவிட்டது.

கிண்டி பொறியாளர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மழை தகர்ந்தது. போகும்போது வால்வை மூடினார்களா? மூடாவிட்டால் தண்ணீர் வரும் குழாயும் தகர்கிறது. அதில் இரவும் பகலும் அழுத்தம் இருக்கும், ஆள் இல்லாவிட்டாலும் கசியும்.

வேளச்சேரிவாசி: மூடவில்லையாம். அப்படியானால் கழிவுக் குழாய்தான். பிளம்பரை அழைத்துவிட்டேன். நன்றி.

கிண்டி பொறியாளர்: பொறுங்கள், தரை இன்னும் தகரவில்லை. வடிகால் துளையை இறுக அடைத்து, குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடச் சொல்லுங்கள். கீழே ஈரம் வந்தால் தரை; வராமல், திறந்துவிட்டபின் வந்தால் கழிவுக் குழாய். அதுவரை எதையும் உடைக்க விடாதீர்கள்.

செந்தில்: என்ன ஆயிற்று?