காற்றடைக்கும் கயாக் படகில் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது, ஓட்டை அகப்படவில்லை

அரசலாற்றங்கரை:
கும்பகோணத்தில் இருக்கிறேன். இருவர் உட்காரும் பிவிசி கயாக், இடது குழாய், வலது குழாய், தரை என மூன்று அறை. கொள்ளிடத்தில் அணைக்கரைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் நாட்களில் எடுத்துப் போவேன். இப்போது சாயங்காலம் கிண்ணென்று ஊதி வைத்தால், காலையில் இடது குழாய் தொளதொளவென்று கிடக்கிறது. மற்ற இரண்டும் லேசாகத்தான் தளர்கின்றன. ஷாம்பு தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை. சைக்கிள் கடைக்காரர் "இடத்தைக் காட்டுங்க, ஒட்டிடலாம்" என்கிறார். இடம்தானே தெரியவில்லை! எப்படிக் கண்டுபிடிப்பது, எதை வைத்து ஒட்டுவது?

வெண்ணாறு:
சைக்கிள் சொல்யூஷனே போதும் நண்பரே. எங்கள் பக்கம் லாரி டியூபில் மிதந்து மீன் பிடிப்பவர்கள் அதைத்தான் போடுகிறார்கள், நன்றாக நிற்கிறது.

கோரையாறு:
வெண்ணாறு தம்பி, லாரி டியூப் ரப்பர். அதனால் நிற்கிறது. பிவிசியில் அதே சொல்யூஷனைப் போட்டால் அப்போதைக்கு ஒட்டினது போலத் தெரியும், வெயில் பட்டதும் விளிம்பு எழும்பிவிடும்.

நான் முத்துப்பேட்டைக்காரன். வளைகுடாவில் கப்பல்களுக்கான லைஃப் ராஃப்ட் (ஆபத்தில் ஏறித் தப்பிக்கும் ஊதும் மிதவை) சர்வீஸ் பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே ராஃப்டை ஊதி வைத்து அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிப்போம். காரணம் இருக்கிறது. 35 டிகிரியில் 1 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிய குழாய் 25 டிகிரிக்கு வந்தால், ஓட்டையே இல்லாமல் கிட்டத்தட்ட அரை பிஎஸ்ஐ குறையும். உங்கள் வலது குழாயும் தரையும் தளர்வது அதுதான், அவற்றை விட்டுவிடுங்கள். இடது மட்டும் தொளதொளவென்று ஆவதால் அங்கே கசிவு உண்டு.

பசையைத் தொடுவதற்கு முன் வால்வைப் பாருங்கள். எல்லோரும் முள்ளைத்தான் சந்தேகப்படுவார்கள். என் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல் வால்வுதான். மூடியைத் திறந்து, குழிக்குள் சோப்புத் தண்ணீரை நிரப்புங்கள். நடுவிலிருந்து குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கில் மணல். கொள்ளிடத்து மணல் பொடி, ஒரு துகள் போதும். கழற்றி நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும். வால்வைச் சுற்றிய வளையத்தில் வந்தால் மரை தளர்ந்திருக்கிறது.

வால்வு சரியென்றால் அடுத்தது ஒட்டு விளிம்புகள். ஷாம்பு தண்ணீரைத் தெளித்தால் ஓடிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் தடவுங்கள். குழாயில் முழு அழுத்தம் இருக்க வேண்டும், காற்று வீசாத இடமாக இருக்க வேண்டும். சிறு கசிவு பெரிய குமிழியாக வராது, வெள்ளையாகப் பொடி நுரை கட்டும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், பொறுமையாகப் பாருங்கள். கிடைத்ததும் மார்க்கரால் வட்டம் போட்டுவிடுங்கள். காற்றை இறக்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

இன்னொன்று. வெளியே எங்குமே நுரை வரவில்லையென்றால் இடது குழாயை மட்டும் ஊதி, தரையைக் காலியாக வையுங்கள். தரை தானாக உப்பினால் நடுச்சுவர் போயிருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து ஒட்டுப் போட முடியாது.

அரசலாற்றங்கரை:
அண்ணே, வால்வு வளையத்தில்தான் வருகிறது! அதோடு அடிப்பக்கம் பின்கோடியிலும் பொடி நுரை. படித்துறைக் கல்லில் உரசிய இடம். ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப் ஒட்டும் பசை கிடைக்கிறது, அது ஆகுமா?

கோரையாறு:
ஆகாது. அது விறைப்பான பைப்புக்கு. காய்ந்தால் கெட்டியாகிவிடும், படகைச் சுருட்டும்போது வெடிக்கும். ஊதும் படகுக்கென்றே இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பசை இருக்கிறது, பிவிசிக்கு என்று போட்டிருப்பதை ஆன்லைனில் வாங்குங்கள்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஒட்டுங்கள். துண்டு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது தாண்ட வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள்; கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தி, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. விரலில் பிசுபிசுப்பு தெரியும்போது ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தித் தேயுங்கள். 24 மணி நேரம் ஊதாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இந்த வேலை வேண்டாம், பசை பிடிக்காது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து நிழலில் செய்யுங்கள்.

வால்வு வளையத்துக்கு அதற்கான பிளாஸ்டிக் சாவியே வேண்டும். கொறடு போட்டுத் திருகினால் வளையம் உடையும், அப்புறம் வால்வையே மாற்ற வேண்டியதுதான்.

வெண்ணாறு:
சாவி படகோடு வந்த ரிப்பேர் பையில் இருக்கும், பாருங்கள். சொல்யூஷன் விஷயம் எனக்கும் புதுசு அண்ணே.

அரசலாற்றங்கரை:
இருந்தது! கால் சுற்றுதான் திருகினேன், நுரை நின்றுவிட்டது. பசை ஆர்டர் போட்டாயிற்று. அதுவரை அடிப்பக்கத்துக்கு டேப் ஏதாவது?

கோரையாறு:
டேப்போடு தண்ணீரில் இறங்க வேண்டாம். பசை வரட்டும். ஒட்டி முடித்த பிறகும் மத்தியான வெயிலில் முழுக்க ஊதின படகை மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், உள்ளே காற்று சூடேறி ஒட்டு விளிம்பையே பிரிக்கும். கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுப் போங்கள்.